பாப் ஸ்மியரில் வரும் அந்த 'பாப்' யார்? ஒரு மருத்துவரின் கதை, ஒரு பரிசோதனையின் நன்மையும் தீமையும்

பாப் ஸ்மியர்னு நிச்சயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மா பலதுறை மருந்தகத்துக்குப் போய் அதைச் செய்துகொண்டு வந்திருப்பார். 25 வயதைத் தாண்டியிருந்தால் உங்களுக்கே மருத்துவர் பரிந்துரைத்திருக்கலாம்.

ஆனால் அந்த 'பாப்' ஒரு மனிதருடைய பெயரின் சுருக்கம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கும் பெண்களைக் கூப்பிட்டு, கருப்பைவாய்ப் புற்றுநோயின் தடயம் இருக்கிறதா என்று பார்க்கும் முறை அவரால் வந்தது. புற்றுநோய்க்காகப் பெரிய அளவில் நடந்த முதல் பரிசோதனைத் திட்டங்கள் இதை வைத்துத்தான் உருவாயின.

நன்றாக இருக்கும் ஒருவருக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வது எப்போது உயிரைக் காப்பாற்றும், எப்போது வீண் தொல்லையாகும்? இந்தக் கேள்விக்கு இவருடைய கதையை விட நல்ல ஆரம்பம் கிடைக்காது.

அப்பா காட்டிய வழி வேண்டாம்

பாப்பனிகொலாவ் 1883ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி கிரீஸின் எவியா தீவில் உள்ள கிமி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஊர் மருத்துவர். மகனும் படித்துவிட்டு வந்து அதே ஊரில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மகன் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1904இல் பட்டம் பெற்றார். ஆனால் மருந்துச்சீட்டு எழுதுவதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஆராய்ச்சிதான் வேண்டும் என்று ஜெர்மனிக்குப் போனார். 1910இல் மியூனிக்கில் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அதே ஆண்டு ஆண்ட்ரொமாக்கி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பின்னாளில் எல்லாரும் அவரை மேரி என்று கூப்பிட்டார்கள். இந்தக் கதையில் மேரி வெறும் துணைப் பாத்திரம் இல்லை. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

பிறகு மொனாக்கோவின் கடலாய்வுக் கழகத்தில் சில காலம் வேலை. 1912இல் பால்கன் போர் வந்தபோது ராணுவ மருத்துவராகச் சேவை.

கையில் 250 டாலர்

1913 அக்டோபரில் தம்பதி கப்பலேறி நியூயார்க் வந்து இறங்கினர். கையில் இருந்தது சுமார் 250 டாலர். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரிந்தவர்களும் இல்லை.

டாக்டர் பட்டமும் முனைவர் பட்டமும் வைத்திருந்தவர் ஒரு பெரிய கடையில் கம்பளம் விற்கப் போனார். அதே கடையில் மேரி பித்தான் தைத்தார். அந்த வேலை அவருக்குச் சரிப்படவில்லை. உணவகங்களில் வயலின் வாசித்தார். கிரேக்க மொழி நாளிதழ் ஒன்றில் எழுத்தர் வேலை பார்த்தார்.

வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் காலூன்றிய தாத்தா பாட்டி கதைகள் நம்மில் பலருடைய வீட்டிலும் உண்டு. அந்த மாதிரிக் கதைதான் இதுவும்.

அடுத்த ஆண்டே வழி திறந்தது. நியூயார்க் மருத்துவமனையிலும், பிறகு கார்னல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையிலும் இடம் கிடைத்தது. அங்கே அவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்தார்.

கினி பன்றியில் தொடங்கிய வேலை

அங்கே அவர் புற்றுநோயைத் தேடவில்லை. கரு ஆணாவதும் பெண்ணாவதும் எப்படித் தீர்மானமாகிறது என்று கினி பன்றிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அதற்குச் சினைமுட்டை வெளிவரும் சரியான நேரம் தெரிய வேண்டும். விலங்கைக் கொன்று பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை. பல சமயம் நேரம் தப்பிவிடும், விலங்கும் வீணாகிவிடும்.

மாதவிடாய் மாதிரி ஏதோ ஒன்று கினி பன்றிக்கும் இருக்குமோ, கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறதோ என்று அவர் யோசித்தார். மனிதர்களின் மூக்கைப் பார்க்கப் பயன்படும் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டார். அதன் உதவியோடு விலங்கின் பிறப்புறுப்பிலிருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தார்.

சுழற்சிக்கு ஏற்ப உயிரணுக்களின் வடிவம் மாறுவது தெளிவாகத் தெரிந்தது. 1917இல் துறைத் தலைவர் சார்லஸ் ஸ்டாக்கர்டுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். தகட்டில் தடவிப் பார்ப்பதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்மியர் என்கிறார்கள்.

மேரியின் 21 ஆண்டுகள்

மனிதர்களுக்கும் இது பொருந்துமா? அதைத் தெரிந்துகொள்ள, நலமாக இருக்கும் ஒரு பெண்ணின் மாதிரிகள் வேண்டும். ஒன்றிரண்டு போதாது, நாள் தவறாமல் வேண்டும்.

மேரி முன்வந்தார். சுமார் 21 ஆண்டுகள், ஏறத்தாழ நாள்தோறும் தம் மாதிரியைக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் கணவருக்கு உதவியாளராகவும் வேலை பார்த்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

இயல்பான உயிரணு எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தால்தான் இயல்பு மீறியதை அடையாளம் காண முடியும். அந்த இயல்பு என்ற அளவுகோலின் பெரும்பகுதி மேரியின் உடம்பிலிருந்து வந்தது. பாப் என்ற பெயரில் பாதி மேரிக்கும் உரியதுனு சொன்னால் மிகையில்லை.

1920களில் மருத்துவமனைப் பெண்களின் மாதிரிகளையும் அவர் பார்க்க ஆரம்பித்தார். கருப்பைவாய்ப் புற்றுநோய் இருந்தவர்களின் தகடுகளில், உருக்குலைந்த, கரு பெரிதாகிப்போன உயிரணுக்கள் பளிச்சென்று தெரிந்தன.

சொன்னார், யாரும் கேட்கவில்லை

1928இல் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் நடந்த மாநாட்டில் இந்தக் கண்டுபிடிப்பை முன்வைத்தார். அது மனித இனத்தை மேம்படுத்துவது பற்றிப் பேச, இனத்தூய்மைக் கொள்கையில் நம்பிக்கை கொண்டவர்கள் கூட்டிய மாநாடு. புற்றுநோய் மருத்துவர்களைச் சென்றடைய அது பொருத்தமான இடமாக இல்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் ருமேனியாவில் ஆரல் பாபெஷ் என்ற மருத்துவரும் இதைப் போன்ற முறையைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்.

வரவேற்பு இல்லை. நோயியல் வல்லுநர்கள் கேட்ட கேள்வி இதுதான்: சந்தேகம் வந்தால் சிறு சதைத் துண்டை வெட்டி எடுத்துப் பார்த்துவிடலாமே, உதிர்ந்துகிடக்கும் உயிரணுக்களை வைத்து என்ன செய்வது?

அந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. ரத்தக்கசிவும் வலியும் இருக்கும் பெண்ணுக்குச் சதைப் பரிசோதனை போதும். ஸ்மியரின் உண்மையான பலன், எந்த அறிகுறியும் இல்லாத பெண்ணிடம்தான் தெரியும். அதை நிரூபிக்க அவரிடம் அப்போது போதிய ஆதாரம் இல்லை.

அவர் சண்டைக்குப் போகவில்லை. சுமார் 10 ஆண்டுகள் தம் மற்ற ஆராய்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1939இல் புதிய துறைத் தலைவர் ஊக்கம் கொடுத்தார். பெண்கள்நல மருத்துவர் ஹெர்பர்ட் டிராவுட் கூட்டுச் சேர்ந்தார். மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்கு வந்தவர்களிடம் வழக்கமாகவே ஸ்மியர் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, வேறு எந்த வழியிலும் சந்தேகம் வராத புற்றுநோய்கள் தகட்டில் பிடிபட்டன. 1941இல் ஆய்வுக் கட்டுரையும் 1943இல் நூலும் வந்தன. இந்த முறை உலகம் கேட்டது.

அந்த நூலின் நுணுக்கமான வண்ணப் படங்களை வரைந்தவர் ஹஷிமே முரயாமா என்ற ஜப்பானியர். போர் நேரத்தில் எதிரி நாட்டவர் என்று அமெரிக்க அதிகாரிகளின் பிடியில் சிக்கியவர் அவர். எந்த உயிரணு எப்படி இருக்கும் என்று மற்ற மருத்துவர்களுக்குப் புரியவைத்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவரே விட்டுவைத்த சந்தேக இடம்

பாப்பனிகொலாவ் தகடுகளை 5 வகுப்புகளாகப் பிரித்தார். 1 என்றால் இயல்பு. 5 என்றால் புற்றுநோய். நடுவில் இருந்த வகுப்புகள் அப்படியுமில்லை இப்படியுமில்லை.

அந்த நடுப் பகுதியில்தான் இந்தப் பரிசோதனையின் முழு நன்மையும் இருக்கிறது. முழுத் தொல்லையும் அங்கேதான் இருக்கிறது.

ஏன்? கருப்பைவாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. இயல்பு மாறிய உயிரணுக்கள் புற்றுநோயாக வளரப் பெரும்பாலும் 10 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் அகற்றிவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம். இது நன்மை.

ஆனால் மாறிய உயிரணுக்கள் எல்லாம் புற்றுநோயாவதில்லை. பல தானாகவே சரியாகிவிடும். எது சரியாகும், எது சரியாகாது என்று தகட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஆபத்தே இல்லாத பலருக்கும் சிகிச்சை போய்ச் சேரும். இது தீமை.

கடைசி ஆண்டுகள்

1950இல் அமெரிக்காவின் பெருமைக்குரிய லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. நொபெல் பரிசு கிடைக்கவே இல்லை. நண்பர்களுக்கு அவர் டாக்டர் பாப். விடுமுறை எடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

1961இல், 78 வயதில், மயாமியில் ஒரு புற்றுநோய் ஆய்வுக் கழகத்தை நடத்தப் போனார். சில மாதங்கள்தான். 1962 பிப்ரவரி 19ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அந்தக் கழகத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. கிரீஸ் பிற்பாடு தன் 10,000 டிராக்மா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. மேரி 1982 வரை வாழ்ந்தார்.

அவருக்குப் பிறகு: எவ்வளவு பலன்?

பாப் ஸ்மியர் உலகம் முழுவதும் பரவியபோது, அதைச் செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் முறையாக ஒப்பிடும் சோதனை எதுவும் நடந்திருக்கவில்லை. அப்படியானால் பலன் இருக்குனு எப்படித் தெரியும்?

வட ஐரோப்பா ஒரு நல்ல சான்று. ஏறக்குறைய ஒரே மாதிரி வாழும் 5 நாடுகள், 5 விதமாகப் பரிசோதனை நடத்தின. 1965க்கும் 1982க்கும் இடையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் எவ்வளவு குறைந்தன என்று பாருங்கள்:

ஐஸ்லந்து: 80 விழுக்காடு
ஃபின்லந்து: 50 விழுக்காடு
சுவீடன்: 34 விழுக்காடு
டென்மார்க்: 25 விழுக்காடு
நார்வே: 10 விழுக்காடு

முதல் மூன்றும் நாடு முழுவதும் திட்டம் நடத்தியவை. டென்மார்க்கில் சுமார் 40 விழுக்காட்டினருக்கும் நார்வேயில் 5 விழுக்காட்டினருக்கும் மட்டுமே முறையான திட்டம் எட்டியிருந்தது. பெண்களை வரிசையாக அழைத்து, முடிவைச் சொல்லி, தேவைப்பட்டால் சிகிச்சை வரை கொண்டுபோய்ச் சேர்த்த நாடுகளில் உயிர்கள் தப்பின. தகடு மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை.

ஆய்வுக்கூடம் இல்லாத ஊர்களுக்கும் அவருடைய யோசனை வேறு வடிவில் போனது. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கருப்பைவாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெளுக்கும் இடம் இருக்கிறதா என்று தாதியர் கண்ணாலேயே பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். அந்தக் குழுவில் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது.

சரி, தீமை என்ன?

முதலாவது, அளவுக்கு மீறிய சிகிச்சை. நடுத்தர அளவில் மாறிய உயிரணுக்களை வெட்டாமல் கண்காணித்த ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். 2 ஆண்டுகளில் 50 விழுக்காடு தானாகவே பின்வாங்கின. 18 விழுக்காடு மோசமாயின. 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் பின்வாங்கியது 60 விழுக்காடு.

வெட்டி எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கருப்பைவாயில் ஆழமாக அகற்றினால், பின்னால் கருத்தரிக்கும்போது குறைப்பிரசவ அபாயம் கூடும். குழந்தை பெற இன்னும் ஆண்டுகள் இருக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா?

அதனால்தான் இங்கிலாந்து 2003இல் பரிசோதனை தொடங்கும் வயதை 20லிருந்து 25க்கு உயர்த்தியது. ஆண்டுதோறும் ஸ்மியர் என்று பழகிய அமெரிக்காவும் 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டது.

இரண்டாவது, பயம். முடிவு சரியில்லை, மறுபடி வாருங்கள் என்ற ஓர் அழைப்பு போதும், தூக்கம் போய்விடும். மறுபடி போனவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது.

மூன்றாவது, பொய்யான நிம்மதி. தகட்டைப் படிப்பவர் ஒரு மனிதர். 1980களில் அமெரிக்காவின் சில ஆய்வுக்கூடங்கள் ஊழியர்களை ஒரே நாளில் அளவுக்கு மீறித் தகடுகளைப் பார்க்கவைத்தது அம்பலமானது. பல புற்றுநோய்கள் கண்ணில் படாமல் போயிருந்தன. 1988இல் அதற்கென்று சட்டமே வந்தது.

அப்படியானால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? அதற்கும் கசப்பான பதில் உண்டு. 1960களில் தொடங்கி ஆக்லந்து மருத்துவமனை ஒன்றில், கடுமையாக மாறிய உயிரணுக்கள் இருந்த பெண்கள் பலருக்கு முழுச் சிகிச்சை தராமல் கண்காணிக்க மட்டும் செய்தார்கள். அந்தப் பெண்களுக்கே அது தெரியாது. 1988இல் விசாரணை அறிக்கை நியூசிலந்தை உலுக்கியது. சரியான சிகிச்சை கிடைக்காதவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளில் புற்றுநோய் வந்தது பிறகு தெரியவந்தது.

எல்லாவற்றையும் வெட்டினாலும் தவறு, எதையுமே வெட்டாவிட்டாலும் தவறு. இந்தப் பரிசோதனையின் 80 ஆண்டுக் கதையே நடுவழியைத் தேடிய கதைதான்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. சளியிலும் சிறுநீரிலும்கூடப் புற்றுநோய் உயிரணுக்களைத் தேடலாம் என்று பாப்பனிகொலாவ் நம்பினார். 1970களில் அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களின் சளியைத் தொடர்ந்து பரிசோதித்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை.

தென்கொரியாவில் தைராய்டு சுரப்பியை ஸ்கேன் செய்யும் பழக்கம் பரவியபோது, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் விகிதம் 15 மடங்கு ஏறியது. மரண விகிதம் மாறவே இல்லை. கண்டுபிடித்ததில் பெரும்பகுதி யாருக்கும் தீங்கு செய்திருக்காது. ஆனால் சுரப்பியை இழந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிடவேண்டியதாகிவிட்டது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் எப்போதும் நல்லதுனு நாம் நினைக்கிறோம். மெதுவாக வளரும் நோய், நம்பகமான பரிசோதனை, எளிதாக அகற்றக்கூடிய ஆரம்ப நிலை. இந்த மூன்றும் சேர்ந்து வாய்த்தால்தான் அது உண்மை. கருப்பைவாயில் அது வாய்த்தது.

இன்று சிங்கப்பூரில்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி கிருமி காரணம் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹரல்ட் சுர் ஹவுசன் நிறுவினார். 2008இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை விரட்டிவிடும்.

அதனால் பரிசோதனையும் மாறிவிட்டது. இங்கே பாலுறவு அனுபவம் உள்ள பெண்களுக்கான பரிந்துரை: 25 முதல் 29 வயதுவரை 3 ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர். 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை. 2019 முதல் உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவிகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசியும் போடப்படுகிறது.

இந்த இடைவெளிகளைப் பார்த்து, செலவை மிச்சம் பிடிக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். அடிக்கடி பார்த்தால், தானாகவே சரியாகப்போவதெல்லாம் கண்ணில் படும் என்பது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த முறை எந்தப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தாலும், ஏதோ ஒரு சலுகை விலைத் தொகுப்பு கண்ணில் பட்டாலும், மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்:

என் வயதில் இதைச் செய்துகொண்டால் மரண அபாயம் குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டா?
முடிவு சந்தேகமாக வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?
உடனே சிகிச்சை தேவையா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?
எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போதும்?

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். பரிசோதனை அட்டவணை அறிகுறி இல்லாதவர்களுக்குத்தான். மாதவிடாய்க்கு இடையில் ரத்தக்கசிவு, பாலுறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்றபின் ரத்தக்கசிவு இருந்தால் அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போன ஆண்டு முடிவு நன்றாகத்தானே வந்தது என்றும் இருந்துவிட வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.